அம்மா கைதானால் தண்டனை யாருக்கு? பெண் கைதிகளின் உரிமைகள்: கூத்தாநல்லூர் முதல் ஐரோப்பா வரை

டெல்டா மாவட்டக் குற்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி உண்டு: ‘அந்தப் பெண் திருச்சி மகளிர் சிறையில் அடைக்கப்பட்டார்.’ அதோடு செய்தி முடிந்துவிடும். அந்த வீட்டில் அடுத்த நாள் காலையில் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள், யார் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் செய்தியில் வராது.

திருவாரூர் மாவட்டம் கூத்தாநல்லூரையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று ஆண்கள் வேலைக்குப் போய்விட, ரேஷன் கடை முதல் பேங்க் வரை வீட்டை நடத்துவது பெண்கள்தான் என்ற குடும்பங்கள் அங்கே ஏராளம். சுற்றியுள்ள கிராமங்களில் நடவுக்கும் களைக்கும் போய் வீட்டைக் காப்பாற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பெண் கைதானால், குடும்பமே அப்படியே நின்றுவிடும். பார்க்கப் போக வேண்டும் என்றால் மன்னார்குடி, தஞ்சாவூர் தாண்டி திருச்சி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம். ஒரு நாள் கூலியும் போச்சு.

குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட் முடிவு செய்யும். அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும்கூட, அந்தப் பெண்ணுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு? ‘ஃபாரின் ஜெயில் எல்லாம் ஸ்டார் ஹோட்டல் மாதிரி’ என்று சொல்கிறார்களே, ஐரோப்பாவில் பெண் கைதிகளின் நிலைமை நிஜமாகவே அப்படித்தானா? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்சினையே எண்ணிக்கையில்தான்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் மொத்தம் 5,73,220 பேர். அதில் பெண்கள் 23,772 பேர். நூறு கைதிகளில் நான்கு பேர்தான் பெண்கள்.

‘குறைவுதானே, நல்லதுதானே’ என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் பெண்களுக்கான தனிச் சிறைகளும் குறைவு. நாட்டில் உள்ள 1,330 சிறைகளில் பெண்களுக்கென்றே இருப்பவை 34. தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என ஐந்து இடங்களில் பெண்களுக்கான தனிச் சிறைகள் இருக்கின்றன. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது அதிகம். ஆனாலும் ஒரு சிறைக்குப் பல மாவட்டங்கள் என்றாகிவிடுகிறது. கைதாகும் ஆண், பக்கத்து ஊர் கிளைச் சிறையில் இருக்க வாய்ப்பு உண்டு. பெண் என்றால் தூரமாகப் போக வேண்டிவருகிறது.

தூரம் கூடினால் ‘மனு போட்டுப் பார்ப்பது’ குறையும். பார்க்க ஆள் வராவிட்டால் வக்கீல் வைக்க, ஜாமீன்தாரர் தேட, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க ஆள் இருக்காது. சிறைவாசம் நீண்டுகொண்டே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

கைதாகும்போது: ‘ராத்திரியில வந்து கூட்டிட்டுப் போலாமா?’

சூரியன் மறைந்த பிறகும், உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது சட்டம். விதிவிலக்கான சூழ்நிலை என்றால், பெண் காவல் அதிகாரி எழுத்துபூர்வமாக அறிக்கை கொடுத்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 43-ல் இருக்கிறது.

இதில் ஒரு முக்கியமான திருப்பம். 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த விதி வழிகாட்டும் தன்மை கொண்டதே தவிர, மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது எனத் தீர்ப்பளித்தது. அதேசமயம், ஏன் பின்பற்ற முடியவில்லை என்பதற்கு அந்த அதிகாரி விளக்கம் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, இரவில் கைது நடந்தால் ‘ஏன்’ என்று கேட்கும் உரிமை இப்போதும் இருக்கிறது.

வேறு சில அடிப்படை விஷயங்கள்:

• பெண்ணை உடல்ரீதியாகத் தொட்டுக் கைது செய்ய வேண்டிய நிலை வந்தால், அதைப் பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும். சோதனை போடுவதும் பெண்தான்.

• என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும்.

• 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.

• சாட்சியாக விசாரிப்பதற்கு ‘ஸ்டேஷனுக்கு வாம்மா’ என்று ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

காவல் நிலைய லாக்கப்பிலும் பெண்களுக்குத் தனி இடம், பெண் காவலர் பாதுகாப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் ஷீலா பார்சே வழக்கில் சொல்லிவிட்டது. பத்திரிகையாளரான அவர், மும்பை லாக்கப்பில் பெண்கள் தாக்கப்பட்டதைப் பற்றி எழுதிய கடிதத்தையே கோர்ட் மனுவாக எடுத்துக்கொண்டது.

‘வக்கீலுக்குக் காசு இல்லைங்க, என்ன பண்றது?’

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் எல்லாம் தேவையில்லை. பெண் என்ற ஒரே தகுதி போதும்.

கூத்தாநல்லூர் பகுதிக் குடும்பங்கள் திருவாரூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ, மன்னார்குடி கோர்ட் வளாகத்தையோ அணுகலாம். 15100 என்பது தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண். சிறைக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர் மூலமாகவும் வக்கீல் கேட்டு மனு கொடுக்கலாம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். பெரிய குற்றச்சாட்டு என்றாலும், குற்றம் சாட்டப்பட்டவர் பெண் என்றால் ஜாமீன் தருவது பற்றி கோர்ட் தனியாகப் பரிசீலிக்க பிரிவு 480 இடம் கொடுக்கிறது. இது தானாகக் கிடைத்துவிடாது. வக்கீல் எடுத்துச் சொல்லி வாதாட வேண்டும்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஒரு தடை இருக்கிறது: ஜாமீன்தாரர்கள். பட்டா இல்லாத வீடு, சொத்து இல்லாத சொந்தக்காரர்கள் என்றால் இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ‘அந்தப் பொண்ணுக்கா ஜாமீன் கையெழுத்து?’ என்று உறவுகளே ஒதுங்குவதும் நடக்கிறது.

இதற்காகவே 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம்.

அதே 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2023-ல் வகுத்த முறைப்படி, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை இதன்மூலம் கிடைக்க வழி இருந்தது. சில வகை வழக்குகளுக்கு இது பொருந்தாது.

அடுத்தது பிரிவு 479. முதல்முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. உதாரணமாக, அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை உள்ள திருட்டு வழக்கு என்றால், முதல்முறை கைதானவருக்கு 1 ஆண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது.

இதற்கான மனுவை கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. சட்டம் வருவதற்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில், தகுதியுள்ள பெண் கைதிகளை அடையாளம் காண தனி முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

சிறைக்குள்: எதெல்லாம் சலுகை, எதெல்லாம் உரிமை?

சிறைக் கதவுக்கு உள்ளே போனதும் அடிப்படை உரிமைகள் காணாமல் போய்விடாது. இதைத் தெளிவாகச் சொன்னது 1978-ல் வந்த சுனில் பத்ரா வழக்குத் தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த அமர்வு அது. எளிமையாகச் சொன்னால், தண்டனை என்பது சுதந்திரமாக நடமாட முடியாமல் போவது மட்டும்தான். பசி, நோய், அவமானம் எல்லாம் தண்டனையில் சேராது.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சாதி பார்த்து சிறையில் வேலை ஒதுக்குவதும், சாதி வாரியாகப் பிரித்து வைப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருக்குவது ஒரு சாதிக்கு, சமைப்பது இன்னொரு சாதிக்கு என்று பழைய சிறை விதிகளில் இருந்ததை எல்லாம் இது ரத்து செய்தது.

பெண்களுக்கு மட்டுமான தேவைகளைப் பற்றிப் பேசுவது ‘பாங்காக் விதிகள்’. 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 70 விதிகள் இவை. நாப்கின் இலவசமாகத் தர வேண்டும். முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்க வேண்டும். பிரசவ நேரத்தில் விலங்கு மாட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளின் தாய்மார்களுக்கும் சிறைக்கு மாற்றான தண்டனையை முதலில் யோசிக்க வேண்டும். சிறைக்குள் போவதற்கு முன்பே, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்ய அந்தத் தாய்க்கு அவகாசம் தர வேண்டும் என்றுகூட இதில் இருக்கிறது. நம் சட்டம்போல நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், உலக அளவில் இதுதான் அளவுகோல்.

வேலை வாய்ப்பிலும் மெதுவாக மாற்றம் வருகிறது. 2023-ல் சென்னை புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. அப்பளம், தையல் என்ற வழக்கமான வட்டத்தை விட்டு வெளியே வந்த முயற்சி அது.

குழந்தை கைதி அல்ல

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 1,537 தாய்மார்களுடன் 1,764 குழந்தைகள் இருந்தார்கள். இந்தக் குழந்தைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இவர்களுக்காக வந்ததுதான் 2006 ஏப்ரல் 13-ம் தேதி ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. அதன் முக்கிய அம்சங்கள்:

• கைதியாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவம், முடிந்தவரை சிறைக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

• பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் ‘சிறை’ என்று எழுதக் கூடாது. அந்தப் பகுதியின் பெயரைத்தான் போட வேண்டும்.

• 6 வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். அதன்பிறகு தாயின் விருப்பப்படி பொருத்தமான ஒருவரிடமோ, சமூக நலத்துறை நடத்தும் இல்லத்திலோ சேர்க்க வேண்டும்.

• சிறையை ஒட்டி குழந்தைகள் காப்பகமும் நர்சரியும் வேண்டும். தனி உணவு, தடுப்பூசி, மருத்துவ வசதி எல்லாம் உண்டு.

• குழந்தையோடு இருக்கும் தாய்மார்களின் வழக்குகளை கோர்ட்டுகள் முன்னுரிமை கொடுத்து விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசும்போது தவிர்க்க முடியாத பெயர் நளினி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவர் கர்ப்பிணி. 1992-ல் காவலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை 2000-ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டபோது, அந்தக் குழந்தையின் எதிர்காலமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மகள் தாயைப் பிரிந்து வளர்ந்தார். 2019 ஜூலையில், மகளின் திருமண ஏற்பாடுகளுக்காக 6 மாதம் விடுப்பு கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நளினி தானே நேரில் வாதாடினார். கிடைத்தது 30 நாள். பிறகு கொஞ்சம் நீட்டிக்கப்பட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவால் வேலூர் பெண்கள் சிறையிலிருந்து அவர் விடுதலையானார். 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கொலையைப் பற்றியும் அந்த விடுதலையைப் பற்றியும் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் நாடே அறிந்த ஒரு கைதிக்கே விடுப்புக்காக கோர்ட் வரை போராட வேண்டியிருந்தது என்றால், பெயர் தெரியாத ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். பரோல் என்று நாம் சொல்லும் சாதாரண விடுப்பும் அவசர விடுப்பும் 1982-ம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்த விதிகளில் இருக்கின்றன. வீட்டில் சாவு, பிள்ளை கல்யாணம் என்றால் கேட்கலாம். கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பாவிலும் கைதிகளில் பெண்கள் சுமார் 5 சதவீதம்தான். அதனால் அங்கேயும் அதே தூரப் பிரச்சினை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து பெண்கள் சிறைகள் 12. அதில் ஒன்றுகூட வேல்ஸில் இல்லை. வேல்ஸைச் சேர்ந்த பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தால் இங்கிலாந்துக்குத்தான் அனுப்புவார்கள். கூத்தாநல்லூர் குடும்பம் திருச்சிக்கு பஸ் ஏறுவதுபோல, அங்கே பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டைல் சிறையில் ஓராண்டுக்குள் 6 பெண்கள் இறந்துபோன பிறகு, ஜீன் கார்ஸ்டன் என்பவர் தலைமையில் ஆய்வு நடந்தது. 2007-ல் வந்த அந்த அறிக்கை, ஆண்களுக்காக உருவாக்கப்பட்ட அமைப்புக்குள் பெண்களைத் திணிப்பதுதான் அடிப்படைக் கோளாறு என்று சொல்லி, பெரிய சிறைகளுக்குப் பதில் ஊருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மையங்கள் வேண்டும் என்றது. ஸ்காட்லாந்து 2022-ல் டண்டீ, கிளாஸ்கோ நகரங்களில் அப்படி இரண்டு மையங்களைத் திறந்தது. ஸ்பெயினில் அரான்ஹுவேஸ் சிறையில், தாய் தந்தை இருவருமே கைதி என்றால் 3 வயது வரை குழந்தையோடு சேர்ந்து இருக்க குடும்பப் பிரிவு அமைத்தார்கள்.

இதெல்லாம் நல்ல பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. 2019 செப்டம்பரில், ஐரோப்பாவின் மிகப் பெரிய பெண்கள் சிறைகளில் ஒன்றான இங்கிலாந்தின் பிரான்ஸ்ஃபீல்டில், 18 வயது விசாரணைக் கைதி ஒருவர் ராத்திரியில் அறைக்குள் தனியாகவே பிரசவித்தார். உதவி கேட்டு மணி அடித்தும் யாரும் வரவில்லை. குழந்தை இறந்துவிட்டது. இது நடந்தது பணக்கார நாட்டில், கேமராவும் மணியும் இருக்கிற சிறையில்.

உக்ரைனில், பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெண் கைதிக்கு விலங்கு மாட்டி வைத்தது மனிதத்தன்மையற்ற செயல் என்று 2016-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தாலியில் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள தாய்மார்களுக்கும் தண்டனையைக் கட்டாயம் தள்ளிவைக்க வேண்டும் என்று இருந்த சட்டம், 2025-ல் மாற்றப்பட்டது. இப்போது அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது. கிடைத்த உரிமை பின்னால் போகவும் செய்யும் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் ஐரோப்பாவிடம் நம்மிடம் இல்லாத ஒன்று உண்டு. சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு என்ற வெளி அமைப்பு, உறுப்பு நாடுகளின் எந்தச் சிறைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை.

வெளிநாட்டில் கைதானால்?

வீட்டு வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் வெளிநாடு போகும் பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி, எந்த நாட்டில் கைதானாலும் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். ஊரில் உள்ள குடும்பத்தினர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளோடு கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் இந்தியாவுக்கு இருக்கிறது. தண்டனையின் மீதிக் காலத்தைச் சொந்த நாட்டில் கழிக்க அதன் மூலம் விண்ணப்பிக்கலாம்.

குடும்பத்தினர் உடனே செய்ய வேண்டியவை

கைதான தேதி, நேரம், எந்த ஸ்டேஷன், குற்ற எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முதல் ரிமாண்டுக்கு முன்பே இலவச வக்கீல் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ மாஜிஸ்திரேட்டிடமே சொல்லச் சொல்லுங்கள், அது பதிவாகும். வாரா வாரம் திருச்சி போக முடியாவிட்டால், ‘இ-முலாகாத்’ மூலம் வீடியோ சந்திப்புக்குப் பதியலாம். ஜாமீன் கிடைத்து 7 நாள் ஆகியும் வெளியே வரவில்லை என்றால், சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

இந்த உரிமைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவைதான். புதிதாக யாரும் போராடி வாங்க வேண்டியதில்லை. ஆனால் இவை நடைமுறைக்கு வர, வெளியிலிருந்து ஒருவர் தேதி பார்த்து, எழுதிக் கொடுத்து, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘மானம் போச்சு’ என்று சொந்தபந்தங்கள் ஒதுங்கிக்கொள்ளும் வீட்டில், அந்தப் பெண்ணுக்காகக் கேட்க ஆளே இருக்காது.